நூற்று முப்பத்தொன்றாவது கோடு

2014ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். பாரிஸில் லா சப்பலை அடுத்த ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் பின் அறையில் நாங்கள் ஏழு பேர் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். நிமிடக் கணக்கு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். இந்தக் கதையில் எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நிமிடங்கள்தான்.

நான் எதையும் எண்ணுகிறவன். ஊரில் கணிதம் படித்துப் பட்டம் பெற்ற எனக்கு இங்கே கிடைத்தது ஹோட்டல் துணிகள் வெளுக்கும் இடத்தில் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் எண்ணும் வேலை. பத்தொன்பது வருடம் எண்ணினேன். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. என் வீட்டுக்கு அறுபத்து நாலு படி. ஒவ்வொரு முறை ஏறும்போதும் எண்ணுவேன், ஒன்று குறைந்துவிடாதா என்ற நப்பாசையோடு. கடையில் எல்லோரும் என்னைக் 'கணக்கர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் ஐந்நூறு மைல் கார்ப் பந்தயத்துக்கு என்னை இழுத்து வந்தவர் என் நண்பர். என்னைவிட ஒரு வயது மூத்தவர். வாகன உதிரிப்பாகக் கிடங்கில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். முட்டை வடிவப் பாதை, சக்கரங்களுக்கு மூடி இல்லாத முப்பத்து மூன்று கார்கள், இருநூறு சுற்று. "மற்ற றேஸிலை ஒருத்தன் முன்னுக்குப் போனால் போனதுதான். இதிலை கடைசி வளைவிலையும் முடிவு பிரளும் காணும்" என்பார். எனக்கோ கார் பெரிதில்லை. இருநூறு சுற்றை ஒன்று ஒன்றாக எண்ணலாம் என்பதே போதுமாக இருந்தது.

அதனால் எங்கள் இருவருக்கும் ஒரு ஒழுங்கு உண்டானது. கோடு போட்ட ஒரு கொப்பி. சுற்று முடிய ஒரு கோடு, நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. கோடு போடுவது அவர் வேலை. அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராகப் போடுவார். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும், முன்னால் நிற்கும் காரின் இலக்கத்தையும் ஓரத்தில் எழுதுவது என் வேலை. ஐந்து வருடக் கொப்பிகள் அப்போதே சேர்ந்திருந்தன.

இன்னொரு ஒழுங்கும் இருந்தது. அதைக் கொண்டு வந்தவர் டாக்சி ஓட்டும் ஒரு தம்பி. கிரிக்கெட் பார்க்கும் நம்மவர்களுக்கு அதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. ஆட்டம் இறுகும்போது இருந்த இடத்தை விட்டு எழும்பினால் நமது ஆள் அவுட். அந்த நம்பிக்கையை அவர் அப்படியே காருக்கும் ஒட்டவைத்தார். நூற்றைம்பதாவது சுற்றுக்குப் பிறகு எவரும் கதிரை மாறக்கூடாது, எழும்பவும் கூடாது. நாங்கள் ஆதரித்த நீலக் கார் முந்தைய வருடம் பின்தங்கியது, கடைக்காரர் ஒண்டுக்குப் போன நேரத்தில்தான் என்று ஏழு பேரும் உறுதியாக நம்பினோம். கணிதம் படித்த நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்று நீலக் கார் நன்றாக ஓடியது. நூற்று முப்பதாவது சுற்று முடிந்தபோது ஏழு மணி நாற்பத்து மூன்று. எழுதினேன். அடுத்த சுற்றுக்கு நண்பர் போட்ட கோடு நேராக நிற்கவில்லை. மேலே தொடங்கி, பக்கமாகச் சரிந்து, கீழ் வரி வரை இழுபட்டிருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. எனக்குச் சினம் வந்தது. எண்ணுகிறவனுக்குக் கோடு கலங்கினால் உயிர் போகும்.

"நேராய்ப் போடும் காணும். என்ன கிறுக்கிறீர்?"

அவர் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கோடு காகிதத்தில் விழவே இல்லை. பேனா மேசையில் கீறியது. நான் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். வாங்கியபோது அந்த விரல்கள் அதைப் பிடித்திருக்கவே இல்லை, வெறுமனே அதன்மேல் கிடந்தன. அது எனக்குத் தெரிந்தது. நூற்று முப்பத்து மூன்றாவது கோட்டை நானே போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் ஏதோ சொன்னார். சொற்கள் கஞ்சிபோலக் குழைந்து வந்தன. டாக்சித் தம்பி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணை ஒளிச்சு ஒண்டு அடிச்சிட்டார் போலை."

"மனிசியின்ரை திவசத்துக்குக்கூடத் தொடாத மனுசன். இண்டைக்கு நீலக் காருக்காகத் தொட்டிட்டார்" என்றார் கடைக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நண்பரும் சிரித்தாராம். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்ததாகப் பிறகு கடைக்காரர் சொன்னார். பல்லுக்கட்டு கழன்றுவிட்டதாக்கும் என்று அவர் நினைத்தாராம். நான் பார்க்கவில்லை. நூற்று நாற்பதாவது சுற்றின் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

நூற்றைம்பதாவது சுற்று வாக்கில் ஒரு கார் சுவரில் மோதியது. மஞ்சள் கொடி காட்டினார்கள். மஞ்சள் கொடி விழுந்தால் எல்லாக் கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல ஊரும். நாற்பது வினாடியில் முடியும் சுற்று இரண்டு நிமிடத்துக்கு நீளும். அந்த நேரத்தில்தான் நண்பர் மேசையில் இடது கையை ஊன்றி எழும்பப் பார்த்தார்.

"வெளி... வெளியிலை..." என்றார்.

"ஐயோ அண்ணை, எழும்பாதையுங்கோ! நூற்றைம்பது தாண்டியிட்டுது!" டாக்சித் தம்பி கத்தினார். "நீங்கள் எழும்பினால் அவன் சுவரிலை போய் அடிப்பான்!"

"இருங்கோ அண்ணை, இருங்கோ. இன்னும் கொஞ்சம்தானே" என்று மற்றவர்களும் சொன்னார்கள். நான் அவருடைய கையைப் பிடித்து இருத்தினேன். "இன்னும் நாற்பத்திரண்டு சுற்று. அரை மணித்தியாலம். பொறும்" என்றேன். நாற்பத்திரண்டை நாற்பது வினாடியால் பெருக்கி, கொடிக்கும் கொஞ்சம் சேர்த்து, உடனே விடை சொன்னேன். அதிலே எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

விடை பிழைத்தது. இன்னும் மஞ்சள் கொடிகள் வந்தன. கடைசியில், ஒன்பது சுற்று மட்டும் மிச்சமிருக்க, இன்னொரு மோதலில் சுவர் சேதமாகி, சிவப்புக் கொடி காட்டி எல்லாக் கார்களையும் நிறுத்திவிட்டார்கள். பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பார்ப்பதற்குத் திரையில் எதுவுமே இல்லாத பத்து நிமிடம். ஏழு பேரில் ஒருவராவது பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்திருக்கலாம். எழும்பக் கூடாது என்பதால் கடைக்காரரின் மனைவி தேநீரை இருந்த இடத்துக்கே கொண்டுவந்து தந்தார். நண்பரின் கையிலிருந்து கிளாஸ் நழுவிக் கொப்பியின்மேல் கொட்டியது.

நான் முதலில் கொப்பியைத் துடைத்தேன்.

இதை எழுதாமல் விடலாம் என்று பல நாள் யோசித்தேன். விட்டால் நான் எழுதுவதற்கே அர்த்தமில்லை. சுடுதேநீர் அவர் மடியிலும் கொட்டியிருந்தது. அவர் துள்ளவில்லை, கையை உதறவில்லை. நான் கைக்குட்டையால் தாள்களை ஒற்றி எடுத்துக்கொண்டே, "சும்மா இரும் காணும், எல்லாத்தையும் பழுதாக்காமல்" என்றேன். அவரிடம் நான் கடைசியாகக் கோபமாகச் சொன்னது அது.

பந்தயம் மறுபடி தொடங்கியது. நீலக் காரும் இன்னொன்றும் மாறி மாறி முன்னே போயின. அறை முழுக்கக் கூச்சல். "விடாதை, விடாதை!" என்று கடைக்காரர் மேசையை அறைந்தார். மன்னாரைச் சேர்ந்த ஒருவர் கண்ணை மூடிச் செபமாலையைப் பிடித்திருந்தார். கடைசிக் கோட்டை இரண்டு கார்களும் சேர்ந்தாற்போலத்தான் கடந்தன. ஒரு காரின் நீளம்கூட இல்லாத இடைவெளியில் நீலக் கார் தோற்றது.

டாக்சித் தம்பி தலையில் கை வைத்துக் குந்திவிட்டார். கடைக்காரர் தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்தினார். மன்னார்க்காரர் செபமாலையைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "அங்கை எங்களுக்கு எது வெண்டது, இது வெல்ல" என்று மெல்லச் சொன்னார். ஒரு கார் தோற்றதற்கு அவ்வளவு துக்கம் எதற்கு என்று வெளியார் கேட்கலாம். ஊரில் போர் முடிந்ததிலிருந்து அந்த ஐந்து வருடத்தில் எங்களிடம் அழாமல் சேர்ந்து கிடந்தது ஏராளம்.

நண்பர் தலை குனிந்து இருந்தார். ஒரு கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"அண்ணைக்குத்தான் கூடக் கவலை. அவரை ஒருக்கால் தனிய விடுங்கோ" என்றார் டாக்சித் தம்பி.

விட்டோம். தோற்ற காருக்காக அழுகிறார் என்றே நாங்கள் எல்லோரும் நம்பினோம். இன்னும் இரண்டு நிமிடம் அந்த நம்பிக்கைக்குப் போனது. பிறகு அவர் கதிரையோடு வலப்பக்கம் சரிந்தார். கடைக்காரர் அவசர இலக்கத்துக்கு அடித்தபோது ஒன்பது மணி ஆறு நிமிடம். மே மாதம் என்பதால் வெளியே இன்னும் பட்டப்பகல்போல வெளிச்சம்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர் ஓடி வந்து ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். எத்தனை மணிக்குத் தொடங்கியது? மூளைக்குப் போகும் குழாயில் இரத்தம் கட்டியிருக்கிறது, அதைக் கரைக்கும் மருந்தை ஏற்றுவதா வேண்டாமா என்பது அந்த நேரத்தைப் பொறுத்தது என்றார். "ஒன்பது மணிக்கு, பந்தயம் முடிந்ததும்" என்றார் டாக்சித் தம்பி. நானும் தலையாட்டினேன்.

தலையாட்டிவிட்டு நடைவழியில் போய் உட்கார்ந்தேன். மடியில் கொப்பி, இன்னும் ஈரமாக. ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை. கை சும்மா இருக்காது, கடைசிப் பக்கத்தைச் சரிபார்க்கப் போனேன். அப்போதுதான் அந்தக் கோட்டைக் கண்டேன். நூற்று முப்பது கோடுகள் வேலிக் கதியால்கள்போல நேராக நின்றன. நூற்று முப்பத்தொன்றாவது சரிந்திருந்தது. பக்கத்தில் என் கையெழுத்தில் ஏழு நாற்பத்து மூன்று.

எழும்பிப் போய் மருத்துவரிடம் காட்டினேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "ஒன்பது மணி இல்லை, ஏழு நாற்பத்து நாலு" என்றேன். அவர் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார். மருந்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றும், ஆனால் போன ஒவ்வொரு நிமிடமும் எதையோ கொண்டுபோய்விட்டது என்றும் சொன்னார். போகும்போது, "மிக நன்றாகக் குறித்து வைத்திருக்கிறீர்கள், ஐயா" என்றார். கேலி இல்லை. மனதாரத்தான் சொன்னார். அந்தப் பாராட்டைப் போல எதுவும் என்னை அடித்ததில்லை.

நண்பரின் மகள் புறநகரான பொண்டியிலிருந்து வந்து சேர்ந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. கொப்பியை வாங்கிப் பார்த்தாள்.

"அங்கிள், இந்தச் சரிஞ்ச ரெண்டு கோடும் அப்பா போட்டதோ?"

"ஓம் பிள்ளை."

"இதுக்குப் பிறகு இருக்கிறது?"

"நான் போட்டது."

அவள் கொப்பியை மூடித் திருப்பித் தந்தாள். "அப்ப நீங்கள் பாத்தனீங்கள்" என்றாள். அவ்வளவுதான். அன்றும் அதற்குப் பிறகும் அவள் என்னை ஒரு வார்த்தை ஏசியதில்லை. ஏசியிருக்கலாம்.

எண்பத்திரண்டு நிமிடம். நான் பக்கத்தில் இருந்து தவறவிட்டது. சுற்றில் சொன்னால் எழுபது. நான் சுற்றைத்தான் எண்ணினேன். அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது நிமிடம்.

உயிர் தப்பியது. வலது கை இல்லை, பேச்சு இல்லை. எஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல், 'ஓம்'. கார் து நோர் ரயில் நிலையத்துக்குக் கீழே ரயில் ஏறி, பொண்டியில் இறங்கி, மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிறுகள் போய்ப் பார்க்கிறேன். இதுவரை முந்நூற்றுப் பதினொரு தடவை. சாப்பிட்டீரோ என்றால் "ஓம்". குளிருதோ என்றால் "ஓம்". ஒருநாள் மகள் சமையலறைக்குப் போன நேரம் பார்த்து, "அண்டைக்கு உமக்கு விளங்கினதோ, எனக்கு என்னவோ நடக்குது எண்டு?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். "என்னிலை கோபமோ?" "ஓம்." "இல்லையோ?" "ஓம்." என் முகத்தைப் பார்த்து, இடது கையால் என் முழங்காலை இரண்டு தரம் தட்டினார். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. தெரியவரப் போவதும் இல்லை.

கடையில் அந்தக் கூட்டம் அதோடு கலைந்தது. இப்போது பின் அறையில் அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். போன மே மாதம் மகள் பந்தயத்தைப் போட்டுவிட்டு, அப்பாவுக்கு அருகில் இருங்கோ என்று எனக்கு ஒரு கதிரை போட்டுத் தந்தாள். இருந்தேன். மூன்று மணித்தியாலமும் அவருடைய முகத்தைத்தான் பார்த்தேன். யார் வென்றது என்று தெரியாது. இடையில் ஒருமுறை அவர் சலித்துப்போய், தொலைக்காட்சியைப் பார் என்று இடது கையால் காட்டினார். பார்க்க வேண்டிய நாளில் பார்க்காதவன் இப்போது பார்த்ததால் அவருக்கு ஒரு சொல்கூடத் திரும்பி வரவில்லை.

எனக்கு இன்று எழுபத்தெட்டு. அந்தக் கொப்பி மேசை லாச்சிக்குள் இருக்கிறது, தேநீர்க் கறையோடு. அந்தச் சரிந்த கோடுதான் நாற்பது வருட நண்பர் என்னிடம் கடைசியாகத் தெளிவாகச் சொன்ன செய்தி. படித்தவன் என்று பெயர் எடுத்த நான், அதை வாசிக்காமல், நேராய்ப் போடும் என்று சொன்னேன்.