ஆலந்தலை ஏலக் கூடத்தில் கண்ணாடிக் கற்கள்

மதுரையில் வீட்டு மாடிக்குத் தளம் போட வேண்டியிருந்தது. சிமெண்ட் இல்லாமல், உடைந்த பாட்டில்களை அரைத்துத் தளக்கல் செய்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னதால், தை மாதக் கடைசியில் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன். மூன்றரை மணி நேரம். அங்கிருந்து மாப்பிள்ளையூரணிக்கு ஆட்டோவில் நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசினால் குறையும். எனக்குப் பேச வராது.

பட்டறை செல்வக்கனியுடையது. நாற்பது வயதிருக்கும் பெண்மணி. குடும்பத்துக்குப் பழைய பாட்டில் வியாபாரம். விலைபோகாத உடைசல் குவியக் குவிய, இந்த வேலையைக் கற்றுக்கொண்டாராம். கண்ணாடியை மாவாக அரைத்து, அனல்மின் நிலையச் சாம்பலோடு கலந்து, காரக் கரைசல் ஊற்றி அச்சில் வார்க்கிறார்கள். இளஞ்சூட்டில் இறுகிவிடுகிறது. (கரைசல் பட்டால் தோல் வெந்துவிடும். தள்ளி நின்றே பாருங்கள்.)

"ஆலந்தலை மீன் ஏலக் கூடத்துல ஒரு மூலைக்குப் போட்டுக் குடுத்துருக்கேன். நாளைக்குத்தான் அது மேல மொத ஏலம். மீன் விக்கிற பொம்பளையளுக்குப் பிடிச்சாத்தான் முழுக் கூடமும் கெடைக்கும். வாரியளா?" என்றார்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அவருடைய லோடு ஆட்டோவில் கிளம்பினோம். திருச்செந்தூரைத் தாண்டி ஆலந்தலை வரை ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். கூடத்தின் பழைய சிமெண்ட் தளம் உப்புத் தண்ணீரில் பொரிந்து கிடக்க, மூலையில் மட்டும் பச்சைக் கற்கள் பளபளத்தன. மீன் விற்கும் பெண்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

"ஏளா, கண்ணாடி மேல வெறுங்காலோட நிக்கச் சொல்லுதியா?" என்றார் அவர்களில் மூத்தவரான பிலோமியக்கா.

"கிழிக்காதுக்கா. இங்கன பாருங்க." செல்வக்கனி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். கல் காலைக் கிழிக்கவில்லைதான். ஆனால் பக்கத்துக் கூடையிலிருந்து மீன் தண்ணீர் வழிந்து வந்திருந்தது. வழுக்கி, மடேரென்று விழுந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. பிலோமியக்காதான் ஓடிவந்து தூக்கினார். "அடி பட்டுச்சா?"

"முழங்கைதான்க்கா." செல்வக்கனியின் கண் கலங்கியிருந்தது. "நல்லா மின்னணும்னுதான் பாத்தேன்."

"கல்லையெல்லாம் வண்டில ஏத்திக் கொண்டுபோயிரு தாயி. நாங்க பழைய தரையிலயே இருந்துக்கிடுதோம்."

செல்வக்கனி ஒரு கல்லை நெம்பி எடுத்தார். மணல்மேல் பதித்தது என்பதால் எளிதாக வந்தது. அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அச்சில் ஒட்டாமலிருக்க மணல் தூவி வார்த்ததால் அந்தப் பக்கம் சொரசொரத்தது. வண்டிக்குக் கொண்டுபோகாமல், அதையே மேலாகத் திருப்பிப் பதித்து, மீன் தண்ணீரை அள்ளி ஊற்றினார்.

"இப்ப ஒருக்கா நின்னு பாருங்கக்கா."

பிலோமியக்கா ஒரு காலை வைத்துக் குதிகாலால் தேய்த்தார். மறு காலையும் வைத்தார். "இது பிடிக்குது. எல்லாத்தையும் பொரட்டு."

ஒருபுறம் ஏலம் நடக்க, நானும் உட்கார்ந்து கல் புரட்டினேன். எழுந்தபோது மணி பதினொன்று.

போக நினைப்பவர்களுக்கு: ஏலம் காலை ஆறரைக்கே சூடு பிடித்துவிடும்; முந்தின இரவு திருச்செந்தூரில் தங்குவது வசதி. ஞாயிற்றுக்கிழமை படகுகள் கடலுக்குப் போவதில்லை. இந்தக் கற்களை வாங்கப் போகிறவர்கள் காய்ந்த கல்லை மிதித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீர் கேளுங்கள்.

இன்னும் என் கண்ணில் நிற்பது செல்வக்கனியின் கைதான். ஒவ்வொரு கல்லையும் புரட்டுமுன் அதன் பச்சை முகத்தை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தார். பிறகு அதை மணல் பக்கம் திருப்பி, தட்டி இறுக்கினார்.