பூவராகன் வலை கட்டிய முயல் வீடு

முயலின் சிறுகுடல் எங்கே முடிகிறது, பெருங்குடல் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன். பதினெட்டு வருஷமாக விலங்கியல் வாத்தியார் உத்தியோகம். ஆனால் உயிரோடு இருக்கிற முயல் என்ன தின்னும், எங்கே படுக்கும், எதற்காகத் திடீரென்று பின்னங்காலால் தரையை அறையும் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று வாயைத் திறந்து சொல்லும் பழக்கமும் எனக்குக் கிடையாது. இந்த இரண்டு குணமும் சேர்ந்துதான் பூவராகன் விஷயத்தில் என் மானத்தை வாங்கின.

பூவராகன் எங்கள் வீட்டின் பின் போர்ஷனில் குடியிருந்தார். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அவர் கோவளம் பக்கத்து மீனவர். கட்டுமரம் கவிழ்ந்து வலது தோள் போனதிலிருந்து கடலுக்குப் போக முடியவில்லை. அவர் மனைவி பாப்பா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றார். கேளம்பாக்கம் வழியாக தினமும் கூடையோடு பஸ் மாறி வந்து அலுத்துப்போய் இங்கேயே வீடு தேடினார்கள். மீன் வியாபாரம் என்றதும் நாலு வீட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்குச் சைனஸ், எந்த வாசனையும் தெரியாது. என் மனைவிக்கோ வஞ்சிரம் என்றால் உயிர். அப்படித்தான் எண்பத்தெட்டில் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள்.

வந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அந்த மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சாப்பிட எழுந்திருப்பார், மறுபடியும் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். பேச்சு இல்லை. வீட்டு விஷயம் எதுவானாலும் பாப்பாதான் என்னிடம் வந்து பேசுவார்.

முயல்கள் வந்தது தொண்ணூறாம் வருஷம், பங்குனி மாதம். பாப்பாவிடம் வாடிக்கையாக மீன் வாங்கிக்கொண்டிருந்த விமானப்படைக் குடும்பம் ஒன்றுக்கு வடக்கே டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது. அந்த வீட்டு அம்மாள் வெள்ளை ஒன்றும் சாம்பல் ஒன்றுமாக இரண்டு முயல்களைப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். காலி மீன்கூடையில் வைத்து எடுத்துவந்தார் பாப்பா.

"கறிக்கா?" என்று கேட்டேன்.

"ஐயே, இன்னா சார் நீ! அந்தம்மா அயுதுகினே குடுத்துச்சு. வளக்கணும்னு சத்தியம் வாங்கிகினு பூட்சு."

கூடையிலிருந்து குதித்த வெள்ளை முயல் நேராகப் போய்ப் படுத்திருந்தவரின் லுங்கி ஓரத்தைக் கடித்து இழுத்தது. பூவராகன் திரும்பிப் பார்த்தார். பாப்பா வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாள் காலையில் பூவராகன் எங்கள் வாசலில் நின்று, "சார், நீ உயிரினம்லாம் படிச்ச ஆளாமே. மொசலு இன்னா துன்னும்?" என்று கேட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"கேரட்" என்றேன், யோசிக்காமல். படம் போட்ட புத்தகங்களில் எல்லா முயலும் கேரட்தானே தின்கிறது. இரண்டு நாளில் இரண்டுக்கும் வயிறு போய்விட்டது. பூவராகன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. தானே ஏரிக்கரைக்குப் போய்ப் புல் அறுத்துவந்து போட்டார். சரியாகிவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முயல்களை வெளியே விட முடியாது. மீன் வாசனைக்கு எங்கள் தெருவிலுள்ள பூனைகள் எல்லாம் அந்தப் போர்ஷன் வாசலில்தான் கிடக்கும், நாய்கள் வேறு. எனவே முன் அறையிலேயே பாதியை முயல்களுக்கு ஒதுக்கினார். சிவப்பு சிமெண்ட் தரையில் அவற்றின் கால் வழுக்கியதால் கோணிகளைப் பிரித்துத் தைத்து விரித்தார். வாய் உடைந்த பானையைப் படுக்கவைத்து உள்ளே வைக்கோல் போட்டார். எங்கோ கிடந்த மண் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து சுவரோரம் கிடத்தினார். அதற்குள் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வருவதில் இரண்டுக்கும் அப்படியொரு ஆனந்தம்.

"ஒளியறதுக்கு எடம் வேணும் சார். மீனுக்கே பாறை இடுக்கு வேணும். இது பயந்த ஜாதி" என்றார்.

தினமும் காலையில் பானையையும் குழாயையும் இடம் மாற்றி வைப்பார். புல்லை ஒருநாள் கூடைக்கு அடியில் மறைப்பார், ஒருநாள் மேலே கட்டித் தொங்கவிடுவார். எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"நேத்து மாரியே இன்னிக்கும் இருந்தா அதுக்குப் பேஜாரா பூடும். கடலு ஒரு நாளு இருந்த மாரி இன்னொரு நாளு கீதா?"

எனக்குப் பொறாமையாக இருந்தது. பட்டம் நான் வாங்கியது, பாடம் அவர் நடத்துகிறார்.

அறையைத் தடுக்க அவர் தேர்ந்தெடுத்தது வலை. அதற்காகத் தனியாக பஸ் ஏறி ஊருக்குப் போய்த் தன் பழைய நீல நைலான் வலையை எடுத்துவந்தார். இரண்டு வருஷத்தில் அவர் தாம்பரத்தைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. மண் நிரப்பிய நாலு டின்களில் மூங்கிலை நட்டு, சுற்றிலும் வலையை இழுத்துக் கட்டினார். காற்றும் வரும், முயல்களும் தெரியும், பூனையும் நுழையாது. அதைவிட நல்ல ஏற்பாட்டை நானும் எங்கும் பார்த்ததில்லை.

விடிந்தால் வலையின் அடிப்பக்கம் இரண்டு மூன்று ஓட்டை இருக்கும். பூவராகனுக்கு அதில் வருத்தமில்லை, சந்தோஷம்தான்.

"கிழியாத வலை மீன் பாக்காத வலை சார். ஓட்ட வுயுந்தாதான் வலை வேல செய்துன்னு அர்த்தம்."

கரையில் கிழிந்த வலையோடு வருகிறவனைத்தான் மதிப்பார்களாம். ஏதோ பெரிய மீன் வந்து முட்டியிருக்கிறது என்று பேசிக்கொள்வார்களாம். இவரும் அந்த மதிப்போடு உட்கார்ந்து, வலை ஊசியை இடது கையால் பிடித்து, கால் கட்டைவிரலில் நூலை மாட்டி, ஓட்டைகளை முடிந்துகொண்டிருப்பார். வலது கை வெறுமனே மடியில் கிடக்கும். நான் காபி டம்ளரோடு எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். பள்ளிக்கூடம் போகுமுன் எனக்கு அது ஒரு நித்தியக் கடமையாகவே ஆகிவிட்டது.

மூன்று வாரம் கழித்து வெள்ளை முயல் தின்பதை நிறுத்தியது.

பானைக்குள் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. புல்லை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. என்ன ஆயிற்று என்று யாருக்கும் விளங்கவில்லை. சாம்பல் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதே புல், அதே தண்ணீர், அதே கோணி. பின் ஏன் இதற்கு மட்டும்?

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பாப்பா கண்ணேறு என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். என் மனைவி வெயில் என்றாள். ரயில்வேயில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு லாசரஸ், ராத்திரி கூட்ஸ் வண்டிச் சத்தத்தில் அதற்கு நெஞ்சு அடைத்துவிட்டது என்று சாதித்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது சரிதான். அதுதான் கண்ணெதிரே நாலு காலோடு சுருண்டு கிடந்ததே, யார் அதைப் பார்த்தோம்? நான் என் பங்குக்கு, "வைட்டமின் குறைபாடு" என்றேன். பூவராகன் உடனே அகத்திக்கீரைக்கும் முருங்கைக்கீரைக்கும் அலைந்தார். மறுநாள் கேட்டபோது, "இல்லை, கீரை அதிகமாகிவிட்டது போல" என்றேன். அதையும் நம்பிக் கீரையை நிறுத்தினார். எனக்கு எதுவும் புரியவில்லை என்பது அந்த மனிதருக்குப் புரியவே இல்லை.

குழாயடியில் பாப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"சார், எப்டினா அத்தக் காப்பாத்திக் குடு. மொசலு போனா போவட்டும், இன்னொண்ணு வாங்கலாம். இந்த ஆளு மறுபடியும் செவுத்தப் பாத்துப் படுத்துகிச்சுன்னா என்னால தாங்க முடியாது சார். இனிமே எயுந்திருக்க வெக்க என்கிட்ட ஒண்ணுமில்ல."

அன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, முயலை ஒரு பையில் வைத்துக்கொண்டு பூவராகனோடு கால்நடை மருத்துவரிடம் போனேன். மாடுகளையே பார்த்துப் பழகிய அந்த டாக்டர் தயங்கித் தயங்கித்தான் தொட்டார். வயிற்றை அழுத்திப் பார்த்து, "உள்ளே ஏதோ கட்டியா இருக்கு. என்ன தின்னுச்சு?" என்றார்.

"புல்லு, கீரை, வைக்கோலு."

"வேற?"

நானும் பூவராகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எவ்வளவோ யோசித்தோம். "வேற ஒண்ணும் இல்ல சார்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். சத்தியமாக அப்படித்தான் நம்பினோம். டாக்டர் ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார்.

நாலாம் நாள் மத்தியானம் வெள்ளை செத்துவிட்டது. நான் பள்ளியிலிருந்து வரும்போது பூவராகன் அதை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அறுத்துப் பாரு சார். உனக்கு அறுக்கத் தெரியும்ல. எனக்குத் தெரியணும்."

உலகத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வேலை அது. கத்திப் பெட்டியை எடுத்துவந்து, கொல்லைத் துவைக்கிற கல்லில் வைத்துத் திறந்தேன். இரைப்பை கல் மாதிரி இருந்தது. கீறினேன். உள்ளே புல்லோடு பின்னிக்கொண்டு, எலுமிச்சம்பழ அளவுக்கு, நீல நூல்.

சட்டென்று கையை மூடிக்கொண்டேன். தினமும் காலையில் ஓட்டை விழுந்ததே, அறுந்த நூல் எங்கே போயிற்று? ஓட்டையை அடைக்கத் தெரிந்த அவரும் கேட்கவில்லை, குடலைப் பற்றிப் பாடம் நடத்துகிற நானும் கேட்கவில்லை. பாப்பா குழாயடியில் அழுதது ஞாபகம் வந்தது. இதை இவரிடம் சொன்னால் இன்று சாயங்காலமே சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார்.

"கட்டிதான்" என்றேன். "நோய்க்கட்டி. யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது."

"கைய தொற சார்."

"அது வந்து..."

"நானும் ஆயிரம் மீனு வயித்த கீறிப் பாத்தவன்தான். தொற."

திறந்தேன். அவர் அதை வாங்கிக் குழாயில் அலசி, இடது கை விரல்களால் மெள்ள மெள்ளப் பிரித்தார். நூலில் அங்கங்கே முடிச்சுகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"இதெல்லாம் எடது கை முடிச்சு. திருப்பிப் போட்டது. இந்த வூட்ல கட்னது." நூலைக் கல்லின் மேல் நீட்டி வைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயும் டெய்லி காப்பி குடிச்சிகினு பாத்துகினு தானே சார் இருந்த?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அந்தக் கேள்வியையும் விட, கையை மூடிக்கொண்டு பொய் சொன்னேனே, அதுதான் அதிகம் அறுத்தது.

மறுநாள் காலை பின் போர்ஷனில் சத்தமே இல்லை. பாப்பா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். போய்ப் பார்க்கத் தைரியமில்லாமல் இரண்டு தடவை கிணற்றடி வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை கதவைத் தள்ளினேன்.

மூங்கில்கள் மட்டும் நின்றன, வலை இல்லை. அதைத் துண்டு துண்டாக அறுத்து மூட்டை கட்டி வாசலருகே வைத்திருந்தார். பூவராகன் தரையில் குப்புறக் கிடந்தார். கிட்டே போனதும்தான் தெரிந்தது, அவர் கன்னத்தைக் கோணியோடு ஒட்டவைத்து, இழை இழையாகத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நீல நூல் துணுக்குகள் கிடந்தன. சாம்பல் முயல் பானைக்குள்ளிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைமாட்டில் பிளந்த மூங்கில் சிம்புகள் கட்டாக இருந்தன.

"வா சார். எனக்கு கண்ணு செரியா தெரில. நீ இந்தப் பக்கம் பாரு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டேன்.

"இத்த வெச்சி தடுக்கலாம்னு கீறேன்" என்று மூங்கிலைக் காட்டினார். "கடிச்சா ஒண்ணும் ஆவாதுல்ல?"

"மூங்கில்ல பார்த்தீங்கன்னா, செல்லுலோஸ்..." என்று ஆரம்பித்தேன். அவர் தடவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். பதினெட்டு வருஷம் வகுப்பில் வராத ஒரு வார்த்தை மெள்ள வந்தது.

"தெரியல, பூவராகன்."

"ஒண்டியா கெடந்தா இது ஏங்குமா சார்?"

"அதுவும் தெரியல."

அவர் தலையை ஆட்டினார். முகத்தில் என்னவோ லேசானது போல இருந்தது.

"எனக்கும் தெரில. செரி, ரெண்டு பேரும் பாப்போம். குனி சார், உன் முட்டிக்கு அடில ஒண்ணு கீது."