நான்காவது கட்டம்

தோட்டமும் திறந்தவெளியும் அமைக்கிற நிலவடிவமைப்புப் படிக்கும் மாணவர்களுக்கென்று அந்தக் கல்லூரியில் ஒரு கிளப் இருந்தது. அதில் இருப்பவர்கள் வரைகிற படம்தான் காகிதத்தை விட்டு மண்ணுக்கு இறங்கும்; மற்றவர்கள் வரைந்தது மதிப்பெண்ணோடு சரி. சின்னவள் ஓராண்டு நடையாய் நடந்து அதில் இடம் பிடித்தாள். அதே கல்லூரியில் துப்புரவு வேலை பார்க்கும் அவளுடைய அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. தான் அவள் தங்கை என்று கல்லூரியில் சொல்லக் கூடாது என்று சின்னவள் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஏன் என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

கிளப்புக்குக் கிடைத்த வேலை, ஆய்வகத்துக்குப் பின்னால் இருந்த காலியிடத்தைத் திருத்துவது. அங்கே ஒரு பெரிய மரம், அடியில் கால் ஆடுகிற பெஞ்சு இரண்டு, ஒரு தண்ணீர்க் குழாய். கிளப் தலைவனுக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். கையில் அளவுகோல் இல்லாமல் அவன் சாப்பிடக்கூட உட்கார்ந்ததில்லை. "எடத்த வரையறதுக்கு முன்னாடி அங்க யார் யார் வர்றாங்கன்னு எண்ணணும்" என்று சின்னவளிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தான். அதில் மூன்று கட்டங்கள்: மாணவர், ஆசிரியர், விருந்தினர்.

மதியம் சின்னவள் போய் நின்றாள். மரத்தடியில் நீலக் கோட்டு போட்ட பன்னிரண்டு பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் கால் நீட்டியிருந்தாள். நடுவில் இருந்த அக்கா, தங்கையைப் பார்த்ததும் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். சின்னவள் படிவத்தில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"நீலக் கோட்டு போட்டவங்கள எந்தக் கட்டத்துல போடறது?" என்று திரும்பி வந்து ஸ்கேலிடம் கேட்டாள்.

"அவங்க எடத்த கூட்டறவங்க. யூஸ் பண்றவங்க கிடையாது. விட்டுடு."

தினமும் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டு இளைப்பாறுகிறவர்கள் அந்த இடத்தைப் பயன்படுத்தவில்லையாம். இதைக் கேட்டு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டாமா? வாயை மூடிக்கொண்டு மூன்று கட்டத்திலும் சைபர் போட்டாள். கையெழுத்து வேறு முத்து முத்தாக இருந்தது.

அந்தச் சைபரை வைத்துக்கொண்டுதான் ஸ்கேல் படம் வரைந்தான். அவர்கள் படத்தில் மரத்தைச் சுற்றி முழுக்கோடு இருந்தால் மரம் இருக்கும். விட்டுவிட்டு வரைந்த கோடு என்றால் வெட்டிவிடுவார்கள். அந்த மரத்துக்கு அவன் விட்டுவிட்டுக் கோடு போட்டான். பெஞ்சு இருந்த இடத்தில் வெள்ளைக் கூழாங்கல் பரப்பிய ஒரு குளம், சும்மா பார்ப்பதற்கு. அதில் விழுகிற குப்பையை யார் குனிந்து பொறுக்குவார்கள் என்று அந்தப் புத்திசாலிக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

படத்தைச் சபையில் வைக்கிற நாள் காலையில் அக்கா தலை சீவிக்கொண்டே சொன்னாள்: "எங்க மரத்தடியத்தான் சரி பண்ணப் போறீங்களாமே. இன்னும் ரெண்டு பெஞ்சு போடச் சொல்லுடி. கால நீட்ட எடம் பத்தல."

சின்னவள் தட்டை நகர்த்திவிட்டுக் கிளம்பினாள்.

அரங்கில் கல்லூரி முதல்வர் முன்வரிசையில் இருந்தார். நாற்காலி போட்டு முடித்த துப்புரவுப் பெண்கள் பின்சுவர் ஓரமாக நின்றார்கள். ஸ்கேல் படத்தைத் தொட்டுக் காட்டி, "எங்க கணக்குப்படி இந்த எடத்துக்கு யாருமே வர்றதில்ல" என்றான். பின்சுவர் ஓரமாக நின்ற அக்கா தங்கையைத்தான் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வையைச் சின்னவளால் தாங்க முடியவில்லை. எழுந்தாள்.

"எண்ணுனது நான்தான். பன்னெண்டு பேர் இருந்தாங்க. நான் சைபர்னு எழுதிட்டேன்."

"ஃபார்ம்ல அவங்களுக்குக் கட்டமே இல்லையே" என்றான் ஸ்கேல்.

"கட்டம் இல்லன்னா ஆளே இல்லன்னு ஆயிடுமா? அதுல ஒருத்தி எங்க அக்கா. அதோ நிக்கறா. அவ பெஞ்சு கேட்டா, நீ கொளம் வெட்டற. நானும் ஒத்து ஊதிட்டேன்."

மேடைக்குப் போய் மார்க்கரை எடுத்தாள். மரத்தைச் சுற்றி விட்டுப்போன இடங்களையெல்லாம் சேர்த்து முழுக்கோடாக்கினாள். வட்டம் கோணலாக வந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைப் பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்து, நான்காவதாக ஒன்று சேர்த்து, அதில் பன்னிரண்டு என்று எழுதினாள்.

முதல்வர் பின்னால் திரும்பினார். "எத்தன பேரும்மா வருவீங்க அங்க?"

அந்தக் கேள்வியை அவர்களிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"பதிமூணு பேருங்க" என்றாள் அக்கா. "என் தங்கச்சி எண்ணுன அன்னைக்கு ஒருத்தி லீவு."

சின்னவள் பன்னிரண்டை அடித்துவிட்டுப் பதிமூன்று என்று எழுதினாள்.