தூங்குமூஞ்சி மரமும் என் வீட்டுச் சாவியும்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு என்னைச் சங்கச் செயலாளர் ஆக்கியபோது வேறு யாரும் போட்டியிடவில்லை. திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலேறி சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறவளுக்கு இந்தத் தொல்லை தேவையா என்று ஆபீசில் கேட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மகன் வெளியூரில் இருக்கிறான், கணவர் இல்லை, பஞ்சாயத்துப் பேசவும் எனக்கு நன்றாக வரும்.

அந்த வருடம் மழை விட்ட கையோடு, வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தில் இராக்கொக்குகள் கூடு கட்டின. ஏரி பக்கத்திலேயே இருப்பதால் அவற்றுக்கு மீனுக்குப் பஞ்சமில்லை. கறுத்த தலையும் சிவந்த கண்ணுமாக அவை உட்கார்ந்திருப்பதைப் பால்கனியிலிருந்து எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். குஞ்சு பொரித்ததும் நிலைமை மாறியது. மரத்தடியில் நிறுத்திய கார்கள் எச்சத்தில் வெள்ளையடித்துக்கொண்டன. மீன் நாற்றம் மாடி வரை ஏறியது. பகலெல்லாம் குஞ்சுகள் பசிக்குக் கத்தின.

எல்லோரையும்விட அதிகம் அவதிப்பட்டவர் முதல் மாடிக்காரர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் பிறந்தவர். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, நாஷ்டாவை முடித்துவிட்டுப் படுப்பார். அவர் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரேதான் கூடுகள் நிறைந்த கிளை. மனைவிக்கு நிறைமாதம், மீன் வாடை பட்டாலே குமட்டல். என்னிடம் இருமுறை முறையிட்டார். கூட்டம் போட்டுப் பேசலாம் என்றேன்.

அவர் கூட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே கிளை முறியும் சத்தம் கேட்டது. அப்படியே இறங்கி ஓடினேன்.

மரம் வெட்டுகிறவர் இடுப்பில் கயிறு கட்டி மேலே ஏறியிருந்தார். ஒரு சின்னக் கிளை வெட்டப்பட்டுத் தரையில் கிடந்தது. அதோடு ஒரு கூடும் விழுந்திருந்தது. அதிலிருந்த குஞ்சுகள் செத்துவிட்டன.

"யாரக் கேட்டு ஆள் இட்டாந்த தம்பி?" என்று கீழே நின்ற முதல் மாடிக்காரரிடம் கேட்டேன்.

"யாரக் கேக்கணும்? நான் தூங்கி எத்தினி நாளாவுது தெரியுமாக்கா? மிஷின் முன்னாடி நின்னுக்கினே கண்ணு சொக்குது. ஒரு நாளு கை உள்ள பூட்ச்சின்னா, உங்க சங்கமா எனக்குச் சோறு போடும்?"

கூடு கலைப்பது சட்டப்படி குற்றம், வனத்துறைக்குப் போன் செய்வேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் கண்களைப் பார்த்தேன். ரத்தமாகச் சிவந்திருந்தன. இந்த மனிதரிடம் சட்டம் பேசினால் மரம் அன்றைக்கு மட்டும் தப்பும், நான் ரயிலேறியதும் போய்விடும்.

அதற்குள் மேலே இருந்தவர் பெரிய கிளைக்கு நகர்ந்தார். இராக்கொக்குக் குஞ்சுகள் பயந்தால் தின்றதைக் கக்கிவிடும். அடுத்தடுத்த கூடுகளிலிருந்து பாதி செரித்த மீன் அவர் தலையிலும் தோளிலும் விழுந்தது. மளமளவென்று இறங்கி வந்து குழாயடியில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த வேல எனக்கு வாணாம் சார். ஒரே பேஜாரு."

முதல் மாடிக்காரரின் மனைவி பால்கனியில் நின்று செத்த குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் கைவைத்தபடி உள்ளே போனாள். கணவரும் அதைப் பார்த்தார். விழுந்த கிளையை ஓரமாக இழுத்துப் போட்டார்.

எனக்கு வழி அப்போதுதான் தோன்றியது. "தம்பி, என் வீடு பின்பக்கம் இருக்குது. சத்தமும் வராது, நாத்தமும் வராது. நான் காலைல போனா பொழுது சாயத்தான் வர்றேன். சாவி தர்றேன். பகல்ல நீ அங்க வந்து தூங்கு. உன் பொண்டாட்டியும் வரட்டும்."

"இன்னாக்கா சொல்ற? உங்க ஊட்ல வந்து நான் படுக்கறதா?"

"குஞ்சுங்க பறக்கற வரைக்கும்தான். காரையும் என் இடத்துல உட்டுக்கோ. என்கிட்ட ஸ்கூட்டர்தான இருக்குது."

மறுநாள் காலை நான் கிளம்பும் நேரத்துக்கு, ஒரு தலையணையும் மனைவியுமாக என் வாசலில் நின்றார்.

அந்த வாரக் கூட்டத்தில் தரைத்தள வீட்டுக்காரர் ஒருவர் என்னை மடக்கப் பார்த்தார். "ஒலகம் பூரா காடு பத்திக்கினு எரியுது, பனி உருகுது. நாலு கொக்கக் காப்பாத்தி இன்னா ஆவப்போவுது மேடம்?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. ரயிலில் போனைத் திறந்தால் நானும் அதைத்தான் படிக்கிறேன். படித்துவிட்டுச் சில நாள் ஆபீசில் வேலையே ஓடாது. ஆனால் அன்றைக்கு எனக்குப் பதில் தயாராக இருந்தது.

"எரியற காட்டுக்கு நான் செயலாளர் இல்ல சார். இந்த மரத்துக்குத்தான்."

சிலர் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. கார்களை எல்லாம் பின்பக்கம் மாற்றினோம். மரத்தடியைத் தினமும் கழுவிச் சுண்ணாம்புத்தூள் போட ஏற்பாடு செய்தோம். கூடுகள் காலியான பிறகு, ஜன்னலை ஒட்டிய கிளைகளை மட்டும் கழிப்பது என்று முடிவாயிற்று. தரைத்தளத்துக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கையைத் தூக்கினார்.

நாற்றம் ஒழிந்ததென்று சொல்ல மாட்டேன். குறைந்தது. காற்றடித்த ஒரு நாள் இன்னொரு கூடும் சரிந்தது. மற்றவை தப்பின. சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது போர்வை மடித்திருக்கும், அடுப்பின் மேல் அந்தப் பெண் வைத்த குழம்பு மூடியிருக்கும். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. வெகுகாலத்துக்குப் பிறகு நான் வருவதற்கு முன்பே என் வீட்டில் விளக்கு எரிந்தது.

ஒரு நாள் ஆபீசில் இருக்கும்போது அவர் போன் செய்தார். தூக்கம் கலைந்த குரல்.

"யக்கா, குஞ்சு ஒண்ணு உங்க சமையல் ரூம் ஜன்னல் மேல வந்து நிக்குது. பறந்துதான் வந்திருக்குது. நான் கண்ணால பாத்தேன்."

"தொரத்தாத."

"நான் ஏன் தொரத்தறேன்? சும்மா சொன்னேன்."

அவருக்குப் பெண் குழந்தை பிறந்தபோது மரத்தில் பெரும்பாலான கூடுகள் காலியாகியிருந்தன. கிளை கழித்த அன்று கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எதை வெட்டலாம் எதை வெட்டக்கூடாது என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தவர் அவர்தான். வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வைத்துக்கொள்ளச் சொன்னேன். கைக்குழந்தை அழுகிற வீட்டில் இரவு ஷிப்டுக்காரர் எப்படித் தூங்குவார்?