முப்பது வீட்டு ஸ்பாஞ்சுகள்

ஃபுசாகோ யாரையும் நம்ப மாட்டாள். கடையில் முட்டை வாங்கினால் அட்டையைத் திறந்து பத்து முட்டையையும் திருப்பிப் பார்ப்பாள். மழை வராது என்று டிவியில் சொன்னால் அன்றைக்குத்தான் குடை எடுத்துக்கொண்டு வருவாள். பக்கத்து மேசையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவள் நான். அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியில் ஊறுகாய்த் துண்டு ஒன்று குறைந்தால் முதலில் என் வாயைத்தான் பார்ப்பாள்.

எங்கள் கைனானில் பாதி ஊர் கழுவுகிற, தேய்க்கிற சாமான் செய்துதான் பிழைக்கிறது. எங்கள் கம்பெனி பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் செய்கிறது. ஃபுசாகோவுக்குச் சோதனை மேசை. பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கையில் கொடுத்தால், தேய்த்தவள் இடக்கைக்காரியா, தம்ளருக்குள் திணிக்கிறவளா, மாமியார் மேல் உள்ள கோபத்தைச் சட்டியில் காட்டுகிறவளா என்று சொல்லிவிடுவாள். வாடிக்கையாளர் எழுதும் பாராட்டுக் கடிதங்களை மட்டும் படிக்கவே மாட்டாள். "பேப்பர்ல எல்லாரும் நல்லவங்கதான்" என்பாள்.

ஐம்பத்தொன்பது வயதில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஸ்பாஞ்ச் நாறுவதற்குக் காரணம் நடுவில் தங்கும் தண்ணீர். ஆகவே நடுப்பகுதிக்குப் பெரிய துளை உள்ள ஃபோம், இரண்டு பக்கமும் மெல்லிய அடுக்கு, அடியில் ஒரு சின்ன வளைவு. நிமிர்த்தி வைத்தால் தானாக நிற்கும், தண்ணீர் இறங்கிவிடும். அறுபது முடிந்ததும் அவள் வேலையை விட்டுப் போக வேண்டும். மற்றவர்கள் செய்ததைக் குறை சொல்லியே காலம் கழித்தவள் சொந்தமாகச் செய்தது இது ஒன்றுதான். மார்ச் மாதக் கூட்டத்தில் முதலாளி சரி என்றால் இலையுதிர் காலத்தில் கடைக்கு வரும். இல்லையென்றால் அலமாரிக்குள் போய்விடும்.

எங்கள் பிரிவுத் தலைவர் தமாகி ஒசாகாவிலிருந்து வந்தவர். வந்த புதிதில் மலிவான ஃபோம் வாங்கலாமே என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தார். ஃபுசாகோவின் மாதிரியைப் பார்த்ததும், "இவ்வளவு பெரிய துளை போட்டா கிழிஞ்சிடுமே" என்றார். அன்றிலிருந்து அவர் தேநீர் குடிப்பதைக்கூட அவள் சந்தேகத்தோடுதான் பார்த்தாள்.

முப்பது வீடுகளுக்கு இரண்டிரண்டு ஸ்பாஞ்ச் கொடுத்தோம். நான்கு வாரம் புழங்கிவிட்டு, புழங்கியதில் ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். அவை வந்து சேர்ந்தபோது தேவதாரு மகரந்தம் பறக்கும் பருவம். எங்கள் எல்லோருக்கும் மாஸ்க், எல்லோருக்கும் மூக்கடைப்பு. முதல் பையைத் திறந்து ஃபுசாகோ ஸ்பாஞ்சை அமுக்கினாள். ஓரம் பொடிப் பொடியாக உதிர்ந்தது. ஆரஞ்சு நிறம் வெளிறிக் கிடந்தது. அடுத்ததும் அப்படியே. முப்பதில் இருபத்துமூன்று உதிர்ந்துபோனவை. கூடவே வந்த தாள்களில் எல்லாம், "மிகவும் நன்றாக இருந்தது, மிக்க நன்றி."

ஃபுசாகோ எழுந்து நேராகத் தமாகி மேசைக்குப் போனாள். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தமாகி சான், ஃபோமை மாத்துனீங்களா?"

"என்ன கேக்கறீங்க?"

"நான் கேட்டது நல்ல ஃபோம். வீட்டுக்குப் போனது வேற. இது கிழியணும்னு உங்களுக்கு ஆசை. நீங்கதான் முதல் நாளே சொன்னீங்களே."

"நான் மாத்தல."

அவ்வளவுதான் சொன்னார். காது மட்டும் சிவந்தது. குற்றம் செய்தவன் இப்படித்தான் சுருக்கமாகப் பேசுவான் என்று எனக்கும் தோன்றியது. உண்மையைச் சொன்னால், அன்று நானும் அவரைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஃபுசாகோ அதோடு விடவில்லை. அந்த வீடுகளில் யாரையாவது தமாகி கைக்குள் போட்டிருப்பாரோ என்று அடுத்த சந்தேகம். வியாழக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிஷிமோத்தோ என்ற பெண்மணியின் வீட்டுக்குப் போனாள். தோட்டத்தில் ஆரஞ்சு பறித்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் எங்களைக் கண்டு பதறிவிட்டாள்.

"ஐயோ, வீடு அலங்கோலமா கெடக்கே! உள்ள வாங்க. ஸ்பாஞ்சுல ஏதும் தப்பா?"

"உதிர்ந்து போயிருந்துச்சு. புழங்கும்போதே உதிர்ந்துதா?" என்று ஃபுசாகோ கேட்டாள்.

"இல்லையே! நல்லா இருந்துச்சே. கடைசியா சுத்தம் பண்ணும்போதுதான் கொஞ்சம் பொடியா வந்துச்சு."

"சுத்தமா? என்ன சுத்தம்?"

"அனுப்பறதுக்கு முன்னாடி பண்ணதுதான். பிளீச் ஊத்தி ரெண்டு நாள் ஊற வெச்சு, அலசி, வெயில்ல காய வெச்சேன். கறியும் எண்ணெயும் ஒட்டினதை இன்னொருத்தர் கையில எப்படிங்க குடுக்கறது?"

மூக்கடைப்பில் எங்கள் யாருக்கும் அந்த வாடை தெரியவில்லை. பிளீச் பட்டால் ஃபோம் செத்துவிடும். புட்டியின் பின்பக்கத்திலேயே போட்டிருக்கும். யார் படிக்கிறார்கள்?

"புழங்கினபடியே அனுப்புங்கன்னு பெரிய எழுத்துல போட்டிருந்தோமே!" என்றேன் நான்.

"அது நீங்க மரியாதைக்குப் போட்டதுன்னுல்ல நெனச்சேன்!" என்றாள் கிஷிமோத்தோ. "ஒண்ணும் வாங்கிட்டு வராதீங்கன்னு சொல்றாங்கன்னு கையை வீசிட்டா போறோம்?"

வெளியே வந்ததும் இருவரும் சாலையோரம் நின்று சிரித்தோம். எனக்கு வயிறு வலித்தது. மற்ற வீடுகளுக்குத் தொலைபேசியில் கேட்டோம். எல்லாம் அதே கதை. ஒருத்தி கொதிக்கவே வைத்திருக்கிறாள். உதிராத ஏழும் என்ன தெரியுமா? அழுக்கானதை அனுப்ப வெட்கப்பட்டு, தொடாத இரண்டாவது ஸ்பாஞ்சையே அனுப்பியவர்கள்.

"தமாகி சான்கிட்ட மன்னிப்புக் கேளு" என்றேன்.

"கேக்கறேன். ஆனா அவரு ஃபோமை மாத்தலைன்னு இன்னும் நிரூபணம் ஆகலையே?"

அவளைத் திருத்த முடியாது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "கதை நல்லாதான் இருக்கு. நிஜமா நாலு வாரம் தேய்ச்சும் கிழியாத ஸ்பாஞ்ச் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க."

"இல்லைங்க. நான் வீட்டுல தேய்ச்சதுதான் இருக்கு" என்றாள் ஃபுசாகோ.

"செஞ்சவங்களே தேய்ச்சது கணக்கில்ல. மறுபடி சோதனை வெச்சா இந்த வருஷம் கடைக்குப் போகாது. அடுத்த வருஷம் பாக்கலாம், ஃபுசாகோ சான்."

அடுத்த வருஷம் அவள் வேலையில் இருக்க மாட்டாள். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவள் தலையை ஆட்டினாள், தாள்களை அடுக்கத் தொடங்கினாள், விளிம்புகள் சரியாகவே சேரவில்லை.

தமாகி எழுந்தார். "அரை மணி நேரம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் எங்கேயோ போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பை. அதிலிருந்ததை மேசையில் வைத்தார். கண்கொண்டு பார்க்க முடியவில்லை. மீன் சுட்ட கரி, குழம்பு மஞ்சள், நார்ப் பக்கத்தில் ஒட்டிக்கொண்ட நூடுல்ஸ் துணுக்கு. ஃபுசாகோவின் ஸ்பாஞ்ச்தான், ஒரு ஓரம்கூடப் பிரியாமல் நிமிர்ந்து நின்றது.

"எங்க வீட்டோடது. அஞ்சு வாரம் ஆச்சு" என்றார். முகம் முழுக்கச் சிவந்திருந்தது. "இந்தக் கோலத்துல யார்கிட்டயும் காட்டறதா இல்ல."

ஃபுசாகோ கத்தரியை எடுத்தாள். முதலாளி வாயைத் திறப்பதற்குள் அதை நடுவில் வெட்டி, பசை விட்டிருக்கிறதா என்று விரலால் பிரித்துப் பார்த்தாள், துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் கேட்ட அதே ஃபோம். எங்கும் கிழிசல் இல்லை.

"சரி, இலையுதிர் காலத்துக்கே போடுங்க" என்றார் முதலாளி.

ஃபுசாகோவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இடுப்பு மடிய வணங்கி, "தமாகி சான், எல்லார் முன்னாடியும் உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சிடுங்க" என்றாள்.

தமாகி அவள் முகத்தைப் பார்க்காமல் அந்த இரண்டு துண்டுகளையும் பார்த்தபடி சொன்னார்:

"வணங்காதீங்க. இது கிழியும்னு உங்களுக்குக் காட்டத்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அடிப்பிடிச்ச சட்டி, மீன் சுடற கம்பி வலைன்னு எதையும் விடல. நீங்க என்னை ஒரு நாள்தான் சந்தேகப்பட்டீங்க. நான் அஞ்சு வாரமா, தெனம் மூணு வேளை, உங்களைச் சந்தேகப்பட்டுத் தேய்ச்சிருக்கேன்."