விளக்கு எரிந்ததை யார் சொல்வது?

"படம். படம். இணைப்பு. பொத்தான். பொத்தான். படம்." சிதம்பரத்தில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்த மடிக்கணினி இப்படித்தான் பேசியது. மாமா ஒரு விசையை அழுத்துவார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அதன் குரல் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். அது வாசித்த இணையப் பக்கத்தை உருவாக்கியவன் நான். கடலூரில் நான் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம் பள்ளிகளுக்காகத் தமிழில் ஓர் அறிவியல் இணையதளம் நடத்துகிறது. அதில் எல்லோரும் பாராட்டிய மின்சுற்றுப் பாடம் அது. கம்பியை மவுஸால் இழுத்து இணைத்தால் விளக்கு எரியும். மாமா கோபப்படவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, "இதுல எனக்கு என்ன வச்சிருக்க மச்சான்?" என்று மட்டும் கேட்டார்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். விழித்திரை நோயால் அவர் பார்வை ஓரங்களிலிருந்து மெல்ல மெல்லக் குறுகிக்கொண்டே வந்தது. கடைசியில் வெளிச்சமும் இருட்டும் மட்டுமே மிஞ்சின. இது அக்காவுக்கும் எனக்கும் தெரியும், பள்ளிக்குத் தெரியாது. பாடப் புத்தகம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். வகுப்பறைக்கு எத்தனை காலடி, கரும்பலகை எங்கே முடிகிறது என்பதெல்லாம் அவர் கால்களுக்கும் கைகளுக்கும் தெரிந்திருந்தன. அப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தார். ஒருநாள் ஆய்வகத்தில் தண்ணீர் என்று நினைத்து ஒரு பாட்டிலை எடுத்துச் சாய்க்கப்போனபோது, முன்வரிசை மாணவி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "சார், அது தண்ணி இல்ல." அது அமிலம். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. மாமாதான் அன்று மாலையே தலைமையாசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

தலைமையாசிரியர் கெட்டவர் அல்ல. பயந்துவிட்டார், அவ்வளவுதான். அறிவியலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு மாமாவை நூலகத்தில் உட்கார வைத்துவிடலாம் என்றார். மாமா மன்றாடியதால் தலைமையாசிரியர் கல்வி அதிகாரிக்கு எழுதினார். வியாழக்கிழமை அதிகாரி வந்து மாமாவின் ஒரு வகுப்பைப் பார்ப்பார், பிறகு முடிவு செய்வார் என்று பதில் வந்தது. மின்சுற்றுப் பாடத்தை எங்கள் இணையதளத்தை வைத்தே நடத்த வேண்டும் என்றும் அதில் இருந்தது. நான் அந்த மேசையருகே நின்றது அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. சில மாதங்களுக்கு முன், எங்கள் தளத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தலாம் என்று கல்வி அலுவலகத்துக்கு ஓர் அறிக்கை போயிருந்தது. அதில் கையெழுத்திட்டவன் நான். ஒரு தானியங்கிச் சோதனை மென்பொருளை ஓட்டினேன், எல்லாம் சரி என்று பச்சை நிறம் வந்தது, கையெழுத்துப் போட்டேன். பார்வையில்லாத ஒருவரைக்கூட உட்கார வைத்துப் பார்க்கவில்லை. என் சொந்த மாமாவையே கேட்கவில்லை.

திங்கள் காலை கடலூர் போனதும் எங்கள் நிறுவனத் தலைவரிடம் பேசினேன். முழுத் தளத்தையும் இப்போது தொட முடியாது, அந்த ஒரு பாடத்தை மட்டும் சரிசெய்துகொள் என்றார். நான் இங்கிருந்து மாற்ற, பள்ளி விட்டு வந்ததும் மாமா அங்கிருந்து கேட்டுப் பார்த்துத் தொலைபேசியில் சொல்வார். முதலில் ஒவ்வொரு படத்துக்கும் நீளமாக விவரணை எழுதினேன். "கதை சொல்லாத மச்சான். கரண்ட் எங்க கெளம்புது, எங்க போயி சேருது, அத சொல்லு" என்றார். மின்தடையின் குறியீட்டை அந்தக் குரல் விழுங்கிவிட்டு வெறும் எண்ணை மட்டும் வாசித்தது. "அஞ்சுங்குது. அஞ்சு என்னா? அஞ்சு இட்லியா?" சிரித்துக்கொண்டே எண்ணுக்குப் பின்னால் 'ஓம்' என்று எழுத்தில் சேர்த்தேன். மவுஸ் இல்லாமல் விசைகளாலேயே கம்பியை இணைக்கும் வழியைச் செவ்வாய் மாலைக்குள் செய்து முடித்தேன். பெருமையோடு அழைத்தேன். அவர் இணைத்துப் பார்த்தார். "கம்பி சேந்துடுச்சு, சரி. வெளக்கு எரிஞ்சுதா இல்லையான்னு எனக்கு யாரு சொல்லுவா?" பாடமே அந்த விளக்குதான். அதை நான் கண்ணுக்கு மட்டும் ஏற்றி வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை அனுமதி கேட்டு வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் அதிகாரியும் தலைமையாசிரியரும். அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி; முகத்தில் எதையும் காட்டவில்லை. மாமா ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு தொடங்கினார். பெரிய திரையில் கம்பிகள் ஒவ்வொன்றாக இணைந்தன. நடுவில் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். மறுபடி விசையை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

திரையில் ஒரு பெட்டி வந்து நின்றிருந்தது. நீண்ட நேரமாக எதுவும் செய்யவில்லை, தொடர வேண்டுமா என்று கேட்டது. அது பாடத்தின் பகுதியல்ல, தளம் முழுவதற்கும் பொதுவானது, நான் தொடாதது. மாமாவின் காதில் அது பேசவே இல்லை. அவர் விரல் மறுபடி மறுபடி அழுத்தியது. தலைமையாசிரியர் தரையைப் பார்த்தார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

மாமா நிமிர்ந்து, "ஸ்கிரீன்ல இப்ப என்னா தெரியுது? யாராவது படிங்க" என்றார். மணிக்கட்டைப் பிடித்த அதே மாணவி எழுந்து படித்தாள். மாமா சிரித்துவிட்டார். "நான் ஒண்ணுமே செய்யலயாமா? சரி, தொடரலாம்னு அமுக்கும்மா." அவள் வந்து அழுத்தினாள்.

அதிகாரி குறுக்கிட்டார். "சார், இப்படி நின்னு போனா ஒவ்வொரு தடவையும் புள்ளைங்களதான் கேப்பீங்களா?"

நான் எழுந்துவிட்டேன். "மேடம், அந்தப் பெட்டி பேசாதது என் தப்பு. எல்லாரும் பயன்படுத்தலாம்னு உங்க ஆபீசுக்கு வந்த அறிக்கையில கையெழுத்துப் போட்டதும் நான்தான். சோதிச்சுப் பாக்காம போட்டுட்டேன்." வேலை போய்விடும் என்று அந்த நொடியில் நிச்சயமாகத் தோன்றியது.

அதிகாரி மாமா பக்கம் திரும்பினார். மாமா நிதானமாகச் சொன்னார்: "ஆமாங்க மேடம், கேப்பேன். கண்ணு நல்லா இருந்தப்பவும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். பாடத்த முடிச்சுடறேன், அப்புறம் எழுதுங்க." இயர்போனைப் பிடுங்கி வைத்தார். இப்போது கணினியின் குரல் எல்லோருக்கும் கேட்டது. கடைசிக் கம்பியை இணைத்தார். "சுற்று முழுமையடைந்தது. விளக்கு எரிகிறது" என்றது அது. கம்பியை எடுத்தார். "விளக்கு அணைந்தது." ஏன் என்று கேட்டார். வகுப்பில் பாதிக்குமேல் கைகள் உயர்ந்தன. மாமாவுக்கு அது தெரியாது; பெஞ்சுகள் நகர்ந்த சத்தத்தைக் கேட்டு ஒரு பெயரைச் சொல்லி அழைத்தார்.

பள்ளி வாசலுக்கு வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், "உன் தப்ப நீ ஒத்துக்கிட்ட, அது சரி. ஆனா அவங்க கேட்டது என்னை. பதில் சொல்ல வேண்டியவன் நான். இனிமே எனக்கு முன்னால எழுந்திரிக்காத" என்றார். குரலில் கடுமை இருந்தது. அவரைக் காப்பாற்றிவிட்டதாக அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வகுப்புகள் அவருக்கே என்று உத்தரவு வந்தது. ஆய்வகத்தில் மட்டும் இன்னொரு ஆசிரியர் கூட இருக்க வேண்டும். அது நியாயம்தான் என்று மாமாவே சொன்னார். எங்கள் அறிக்கை திரும்பி வந்தது, எல்லாப் பாடங்களையும் சரிசெய்து மறுபடி அனுப்பச் சொல்லி. தலைவர் ஒரு வாரம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் என் மேசைக்கு வந்து, "பாடங்கள சோதிச்சுப் பாக்க உங்க மாமாவுக்கு எந்தக் கெழம சௌகரியப்படும்?" என்று கேட்டார்.

இப்போது சனிக்கிழமைதோறும் சிதம்பரம் போகிறேன். பாடம் பாடமாகத் திருத்துகிறோம். போன வாரம் பத்தாம் வகுப்பின் கண் பாடம். மனிதக் கண்ணின் குறுக்குவெட்டுப் படத்துக்கு என்ன எழுதுவது என்று தயங்கினேன். அதைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாமா என்றேன். "வேணாம். நான் சொல்றேன், அடி" என்றார். கருவிழியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "விழித்திரை. கண்ணின் பின்புற உட்சுவரில் படிந்துள்ள மெல்லிய படலம். வெளியே உள்ள பொருளின் பிம்பம் இங்கேதான் விழுகிறது." நான் அடித்து முடித்தேன். திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"சரியா இருக்கு" என்றார். "அடுத்த படம்."