ஐந்து டிக்கெட் வாங்கிய கணவர்

கோட்டையைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டியம்மாவுக்கு அன்று கடைசி வேலைநாள். மறுநாள் முதல் காதில் மாட்டிக்கொள்ளும் ஒரு மெஷின் கதை சொல்லப்போகிறது. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சின்ன ஊரின் சரித்திரத்தைத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னவளுக்கு ஒரே ஒரு குறை. கட்டிய கணவர் ஒரு நாளும் வந்து கேட்டதில்லை. இத்தனைக்கும் அவர் பஸ் டிரைவர். ஊர் பார்க்க வருகிறவர்களைத் தினமும் கோட்டை வாசலில் இறக்கிவிடுகிறவரே அவர்தான். உள்ளே கூப்பிட்டால், "இடிஞ்ச சுவர்தானே, நம்ம வீட்லயே இருக்கு" என்பார்.

அன்று பார்த்து மழை கொட்டித் தீர்த்தது. ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மூன்று மணிக்கு, லீவு போட்டுவிட்டுக் குடையோடு வந்து நின்றார் கணவர். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசல் கிளார்க் மசியவில்லை. "அஞ்சு பேர் இல்லாம கதை சொல்லக் கூடாது. ரூல்."

"அவ்வளவுதானே? அஞ்சு டிக்கெட் குடுங்க" என்றார் கணவர்.

கிளார்க் லேசுப்பட்ட ஆளா? எண்ணும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார். ஒவ்வொரு அறையிலும் ஐந்து பேர் நுழைந்ததாக ஐந்து முறை அழுத்த வேண்டுமாம். அதனால் கணவர் உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார். மொத்தம் ஏழு அறைகள். மனுஷருக்கோ முட்டிவலி. நாலாவது அறைக்குள் மூச்சு வாங்கிவிட்டது.

"போதுங்க, வீட்டுக்குப் போயிடலாம்" என்று அவள் கிசுகிசுத்தாள்.

"மேடம், நாங்க டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்கோம்."

ஐந்தாவது அறையில் அவர் பாத்ரூம் போய்விட்டு வந்ததற்குக் கிளார்க் கோபித்துக்கொண்டார். "அஞ்சு பேரும் ஒரேயடியா போனா எப்படி? ஒருத்தராவது நின்னிருக்கக் கூடாதா?"

கடைசி அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துருப்பிடித்த சாவி இருந்தது. அவள் உயிரைக் கொடுத்துச் சொன்னாள். எதிரிப் படை பதினோரு மாதம் வெளியே காத்துக் கிடந்தது. ராஜா முதல் வாரமே சரணடையத் தயார்தான். கோட்டைச் சாவியைத்தான் காணோம். அரண்மனையையே தலைகீழாகப் புரட்டித் தேடினார்கள். கடைசியில் படை சலித்துப்போய் ஊர் திரும்பியது. சாவி அவ்வளவு நாளும் ராணியின் இடுப்பில் இருந்தது.

கணவர் முட்டியைப் பிடித்தபடி வாய் பிளந்து நின்றார். "அந்தம்மா ஏன் மேடம் சொல்லவே இல்ல?"

"அவங்களை யாரும் கேக்கலைங்க."

அவர் சாவியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். 'மேடம்' என்று கூப்பிடுவதெல்லாம் மறந்துபோயிற்று.

"இவ்வளவு நல்லா சொல்றியே. வீட்ல ஒரு நாள்கூட எங்கிட்ட சொன்னதில்லையே?"

"நீங்க கேட்டீங்களா?"

ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.